ஓடைக்கு நிழல் நட்டவர்

முதல் தடவை அவரைப் பார்த்தபோது செத்துக் கிடக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கோலாலம்பூருக்குத் தெற்கே செமினி என்ற ஊருக்கு மேலே, காட்டை வெட்டி இரண்டு வருஷமே ஆகியிருந்த ஒரு மலைத்தோட்டம். பெரிய சண்டை முடிந்து ரப்பருக்கு மறுபடி கிராக்கி வந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் அங்கே டிரசராகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன். பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான். காலை பத்து மணி வெயிலில் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஓடையோரத்தில் ஒருவர் குப்புறக் கிடந்தார். முகம் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. பக்கத்தில் ஒரு பூவாளி கவிழ்ந்து கிடந்தது. ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்தம் போடாதீங்க ஐயா. நெழலு விழுந்தா உள்ள போயிரும்."

"எது?"

"குஞ்சுங்க."

நானும் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெளிந்த தண்ணீர், அடியில் மணல், ஓரத்தில் புல். அவர் வெள்ளை எனாமல் மங்கு ஒன்றைத் தண்ணீரில் சாய்த்து ஒரு வாய் அள்ளி என் முன்னால் நீட்டினார். மங்கின் வெள்ளையில் அப்போதுதான் கண்ணுக்குப் பட்டது. நகத்துணுக்கு அளவில் ஐந்தாறு கொசுப்புழுக்கள், தண்ணீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தன.

"தல கீழா தொங்குறது வேற சாதி ஐயா. அது கடிச்சா அரிக்கும், அவ்வளவுதான். இந்தப் படுத்துக் கெடக்குறதுதான் காச்ச குடுக்குறது."

அவருக்குப் பெயர் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தினமும் கூப்பிடுவார்கள். ஆனால் நான் அவரை அறிந்த அந்த ஆறு வருஷத்தில் எல்லோருக்கும் அவர் எண்ணெய்க்காரர்தான். எனக்கும் அப்படித்தான். தோட்டத்து ஓடைகளிலும் கால்வாய்களிலும் வாரத்துக்கு ஒரு தடவை கறுப்பு எண்ணெய் தெளிப்பது அவர் வேலை. எண்ணெய் படலமாகப் பரவினால் புழுக்கள் மூச்சுமுட்டிச் சாகும். முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேலே ஆகும் என்பதால் எட்டாம் நாள் மறுபடி முதல் ஓடைக்குத் திரும்ப வேண்டும். மழை பெய்தால் எண்ணெய் அடித்துக்கொண்டு போய்விடும். திரும்பத் தெளிக்க வேண்டும். அந்த மலையில் மழை பெய்யாத வாரம் எது என்று எனக்கு நினைவில்லை.

கால்விரல் நகங்கள் கறுத்து, பாதம் வெடித்து, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத நாற்றத்தோடு இருந்தார். களையெடுக்கும் பெண்களில் மூத்தவள் ஒரு கிழவி, வாயாடி. எண்ணெய்க்காரரைக் கண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "ஏ எண்ணெய்க்காரரே, காத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுமய்யா!" அவர் சிரிக்காமல் நகர்ந்து நிற்பார். சாப்பாட்டு வேளையில் தானாகவே தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வார்.

ஆனால் அவரை நான் நினைவு வைத்திருப்பது அந்த நாற்றத்துக்காக அல்ல. காடு வெட்டிய இடத்தை அவரால் சும்மா கடந்துபோக முடியாது. நின்றுவிடுவார். இங்கே இருந்தது எங்கே போயிற்று, இப்போது யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். வீடு மாறிப் போனவர்களை அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலத்தான் இருக்கும்.

மேற்குச் சரிவைச் சுட்டு எரித்த பிறகு ஒரு சோடி இருவாட்சிப் பறவைகள் தினமும் காலையில் வந்தன. எரிந்து நின்ற ஒரு பெரிய மரத்தின் பொந்தில் அவை முன்பு கூடு வைத்திருந்தனவாம். பெரிய மூக்கை ஆட்டிக்கொண்டு கருகிய கிளையில் கொஞ்ச நேரம் உட்காரும். பிறகு தலைக்கு மேலே வட்டமடித்துவிட்டுப் போகும். எண்ணெய்க்காரர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

"வேலையப் பாருய்யா! குருவிய பாத்துக்கிட்டு நிக்கிறான்!" என்று கங்காணி கத்துவார்.

எட்டு நாளோ ஒன்பது நாளோ வந்தன. பிறகு வரவில்லை.

"போயிட்டுதா?" என்று நான் கேட்டேன்.

"அது பெரிய மரத்துப் பொந்து இல்லாம குஞ்சு பொரிக்காது ஐயா. வேற மலைக்குப் போயிருக்கும். அங்கயும் வெட்டுனா அதுக்கப்புறம் எங்க போகும்னு தெரியல." பூவாளியை எடுத்துக்கொண்டே சொன்னார். "பன்னி அப்படி இல்ல பாருங்க. காட்டுல கெழங்கு போச்சு, இப்ப ரப்பர் கொட்டைய திங்குது. முள்ளம்பன்னி ரப்பர் கன்னுப் பட்டைய கொறிக்குது. ஒரு வருசத்துல கத்துக்கிச்சு. சருகுமான் கத்துக்கல, காணோம்."

லாலான் புல்லைப் பற்றியும் அப்படித்தான். துரை அதை வேரோடு எடுக்கச் சொல்வார். பெண்கள் குனிந்து குனிந்து முதுகு ஒடியத் தோண்டுவார்கள். மூன்றாம் வாரம் ஈட்டி போல மறுபடி எழும்பி நிற்கும். எண்ணெய்க்காரர் அதில் ஒரு வேரைப் பிடுங்கி, ஊசி போன்ற அதன் நுனியைக் காட்டினார். மண்ணுக்குள் வழியில் இருந்த ஒரு கிழங்கை அது குறுக்கே துளைத்துக்கொண்டு போயிருந்தது. வெறுப்பாகவும் சொல்லவில்லை, வியப்பாகவும் சொல்லவில்லை. "நெருப்பு வச்சா இதுக்குக் கொண்டாட்டம் ஐயா. மத்ததெல்லாம் சாகும், இது கீழ இருக்கும்" என்றார். அவர் எதைச் சொன்னாலும் ஒரு நீண்ட நாள் வேலையின் முடிவில் சொல்வது போலவே இருக்கும்.

அவர் கிள்ளான் பக்கத்துச் சதுப்புத் தோட்டத்திலிருந்து வந்தவர். அங்கே கால்வாய் வெட்டிப் பழகிய ஆள் வேண்டும் என்று எங்கள் துரை கேட்டு வாங்கியிருந்தார். அந்தக் கதையை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது.

"அங்க காச்ச கறுப்புத் தண்ணியில இருந்துச்சு ஐயா. மரத்துக்கு அடியில, வெயிலே படாம தேங்கி நிக்கும் பாருங்க, அதுல. எம்பொண்டாட்டி போயிட்டா. நாலு மாசம் கழிச்சு மக. மறு வருசம் தொரைமாரு காட்ட வெட்டி, கால்வா தோண்டி, தண்ணிய கடலுக்கு விட்டாங்க. வெயிலு உள்ள வந்துச்சு. காச்ச நின்னுபோச்சு. அப்படியே நின்னுபோச்சு."

மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு வருசம் முந்தி வெட்டியிருக்கலாம்."

இதைச் சொன்ன மனிதர்தான் அடுத்த மாதமே என்னிடம் வந்து, மரத்தை வெட்ட வேண்டாம் என்று துரையிடம் சொல்லும்படி கேட்டார். அதனால்தான் அதை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதிய லயங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. இரண்டு சரிவுகளும் அடர்ந்த காடு, நடுவே ஓடை. தோட்டத்தில் வெட்டாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். அங்கும் வெட்டி, ஓடைக்கரை வரை ரப்பர் நட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புதிதாக வந்திறங்கிய குடும்பங்களை அந்த லயங்களில்தான் வைத்திருந்தார்கள்.

எண்ணெய்க்காரர் இரண்டு போத்தல்களை என் மேசைமேல் வைத்தார். இரண்டிலும் ஓடைத் தண்ணீர்.

"இது மேக்குச் சரிவுல, வெட்டுன எடத்துல எடுத்தது. இது பள்ளத்துக்குள்ள, நெழல்ல எடுத்தது. பாருங்க."

முதல் போத்தலில் படுத்த புழுக்கள் நிறைய. இரண்டாவதில் ஒரு தவளைக்குஞ்சு மட்டும்.

"கிள்ளான்ல இருந்தது நெழல்ல பொழைக்கிற சாதி. இது வெயில்ல பொழைக்கிற சாதி ஐயா. ஓடுற தண்ணி, தெளிஞ்ச தண்ணி, வெயிலு, ஓரத்துல புல்லு. இவ்வளவும் இதுக்கு நாமதான் செஞ்சு குடுக்குறோம். காடு இருந்தப்ப இது எங்கயோ ஆத்து மணல்ல கொஞ்சமா இருந்திருக்கும். இப்ப மலையே இதோடதா ஆயிருச்சு. பள்ளத்தையும் வெட்டுனா அந்தப் புது ஆளுங்க ஒருத்தரும் தாங்க மாட்டாங்க. நான் சொன்னா தொரை கேக்க மாட்டாரு. நீங்க சொல்லுங்க."

"சரி, துரையிட்டைச் சொல்லிப் பாக்கிறன்" என்றேன்.

சொன்னேன். சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சொன்னேன். ஆபீசில் கைகட்டி நின்று, அந்தப் பள்ளத்தை இப்போதைக்கு விட்டுவைத்தால் நல்லதோ என்று கூலிகளில் ஒருவன் நினைப்பதாக ஆங்கிலத்தில் இழுத்தேன். துரை தலையை நிமிர்த்தவில்லை. கிள்ளானில் காட்டை வெட்டித்தான் காய்ச்சலை ஒழித்தார்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். ஆம் என்றேன். போத்தல்கள் என் மேசையிலேயே இருந்தன. அவற்றைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். உத்தியோகம் போய்விடுமோ என்ற பயம், பேசாமல் வந்துவிட்டேன்.

பள்ளத்தை வெட்டினார்கள். மூன்று மாதம் அந்த ஓடை வெயிலில் மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிறகு புதிய லயங்களிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். மதியத்தில் குளிர் வந்து பல்லடிக்கும், பிறகு நெருப்பாகச் சுடும், பிறகு பாயெல்லாம் நனைய வியர்க்கும். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தேன். கொயினா மருந்தைக் கரைத்துக் கரைத்து என் விரல்களே கசந்தன. பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டால் இடப்பக்கம் கல்லுப் போல வீங்கியிருக்கும். எண்ணெய்க்காரர் அந்த ஓடையில் நாலு நாளுக்கு ஒரு தடவை எண்ணெய் அடித்தார். ஆனால் சரிவு முழுவதும் ஊற்றுக்கண்கள். பன்றி மிதித்த குழியில்கூட ஒரு கை தண்ணீர் நின்றது, அதிலும் புழு இருந்தது. மங்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சரிவில் ஏறி இறங்குவதை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நான் பார்ப்பது தெரிந்தும் அவர் என் பக்கம் திரும்பமாட்டார். ஒரு நாள்கூட "சொன்னேனே" என்று சொன்னதில்லை.

களைக்காரக் கிழவியின் மருமகள் அந்த லயத்தில் இருந்தவள். பத்தொன்பது வயது, ஆறு மாதக் கர்ப்பம். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் செத்தாள். வெளியே கிழவி உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் எண்ணெய்க்காரர் அவளிடம் போனார். வழக்கம்போலத் தள்ளி நின்றுதான் பேசினார்.

"ஆத்தா, ஓடைக்கு ரெண்டு பக்கமும் ஆறடிக்குக் களை எடுக்காம விடணும். என்ன மொளைக்குதோ மொளைக்கட்டும். ஒன் ஆளுங்ககிட்ட சொல்லுவியா?"

"கங்காணி பாத்தா?"

"பாத்தா என்னைய சொல்லு."

கிழவி ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆறடி போதுமாய்யா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரு வருஷம் பார்த்தேன். வேலை முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போகும் நேரத்தில் அவர் தோட்ட எல்லைக்கு மேலே இருந்த காட்டு விளிம்புக்குப் போவார். காட்டுச் சேம்பு, காட்டு வாழைக் கன்று, நிழல் தரும் பெரிய பெரணி எல்லாவற்றையும் மண்ணோடு பெயர்த்துத் தோளில் சுமந்து வருவார். ஓடைக்கரையில் நடுவார். முதல் தொகுதி வெயிலில் கருகிப் போயிற்று. பிறகு அவர் வேறு விதமாகச் செய்தார். வெயிலுக்கு அஞ்சாத செடிகளை முதலில் வளரவிட்டு, அவற்றின் காலடியில் நிழல் செடிகளை நட்டார். "எது முன்ன வரும், எது பின்ன வரும்னு காட்டுக்கே தெரியும் ஐயா. நாம அவசரப்பட்டோம்" என்றார். பெண்கள் களையெடுத்துக்கொண்டே போய் ஓடைக்கு அருகில் வந்ததும் நிமிர்ந்து, அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுவார்கள். பதினைந்து பேர் இருப்பார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

இலைகள் ஓடைமேல் கூடின. மங்கில் புழு குறைந்தது. அந்த லயத்திலிருந்து என்னிடம் வருகிறவர்களும் குறைந்தார்கள். முழுதாக நிற்கவில்லை. ஆனால் தரையில் விரித்த பாய்களைச் சுருட்டி வைத்தேன்.

ஒரு நாள் துரை அந்தப் பக்கம் நடந்து வந்தார். காய்ச்சல் கண்ட ஒருவரைப் பார்க்க நானும் அங்கே இருந்தேன். ஓடைக்கரையில் இடுப்பளவு பச்சையைக் கண்டு அவர் முகம் சிவந்தது. சுத்தமான தோட்டம் என்பது அவருக்குப் பெருமை. யார் விட்டது என்று கேட்டார். கங்காணி பெண்களைப் பார்த்தார். கிழவி கத்தியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள். அதற்குள் எண்ணெய்க்காரர், "நான்தான் தொரை. நான்தான் எடுக்க வேணாம்னு சொன்னேன்" என்றார்.

துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். இது எதற்காக என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். காய்ச்சல் குறைந்ததை நான் அப்போது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிப் பதிவுப் புத்தகத்தில் எழுதியும் இருந்தது. தெரியாது என்று தலையசைத்தேன்.

அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தகரப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு வருஷமாக அவர் எடுத்துச் சேர்த்து, புழுக்களைச் சாராயத்தில் ஊறவைத்திருந்த சிறு போத்தல்களை என் மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் நூல் கட்டியிருந்தார். வெயில் தண்ணீர் என்றால் ஒரு முடிச்சு, நிழல் தண்ணீர் என்றால் இரண்டு முடிச்சு.

"இது ஒங்ககிட்ட இருக்கட்டும் ஐயா. எனக்கு எழுதத் தெரியாது."

அவ்வளவுதான். கிழவி பாதி வழி வரை அவரோடு நடந்து போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லையாம்.

கரையை வழித்துச் சுத்தம் செய்தார்கள். இரண்டே மாதத்தில் மறுபடி பாய் விரித்தேன். இந்தத் தடவை துரையும் படுத்தார். பெரிய டாக்டர் கோபத்தோடு வந்து, காரணம் தெரிய வேண்டும் என்றார். போத்தல்களை எடுத்து வைத்து, ஒரு முடிச்சு என்ன, இரண்டு முடிச்சு என்ன என்று நான் விளக்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதிக் கொடு என்றார். நாலு பக்கம் எழுதினேன். என் பெயரில் எழுதினேன். கண்டுபிடித்தது வேறு ஒருவர் என்று எழுத இடம் இருந்தது, நான் எழுதவில்லை. பள்ளத்தாக்கை மறுபடி காடாக விடும்படி உத்தரவு வந்தது. எனக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும், அடுத்த வருஷம் கோலாலம்பூருக்கு மாற்றமும் வந்தன. பிரிக்பீல்ட்ஸில் வீடு பார்த்துக் குடியேறினேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ரயிலில் அவரைப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே நாற்றம் தெரிந்தது. உடல் பாதியாகியிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தார், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"பண்டமாரான் பக்கம் இருக்கேன் ஐயா. கடலோரம் பூரா அலையாத்திக் காட்ட வெட்டி மண்ணு போடுறாங்க. அங்கயும் எண்ணெதான்." சிறிது மூச்சு வாங்கினார். "அங்க உப்புத் தண்ணியிலயே பொழைக்கிற சாதி ஒண்ணு இருக்கு ஐயா. கடல்தண்ணி ஏறி நிக்கிற குட்டையில. நாக்குல வச்சுப் பாத்தேன், கரிக்குது. அதுலயும் படுத்துக் கெடக்குது."

அன்றுதான் முதல் தடவையாக அவரை "நீங்கள்" என்று கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். துரை கேட்டபோது வாய் மூடி நின்றது, நாலு பக்கம் எழுதியது, யார் பெயரில் எழுதினேன் என்பது, பாராட்டுக் கடிதம். "உங்கடை வேலையை என்ரை எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். எதிர் இருக்கையில் இருந்த சீனர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதுனதுல என்ன ஐயா. அந்தப் பள்ளம் இருக்கா? வெட்டாம வச்சிருக்காங்களா?"

ஒரு மாதத்துக்கு முன்புதான் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கோலாலம்பூரில் என் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். புதிய துரை வந்திருக்கிறார், பள்ளத்தாக்கு முழுவதையும் வெட்டி ஓடைக்கரை வரை நட்டுவிட்டார்கள், மறுபடி காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கண்களின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. அவருக்கும் காய்ச்சல்தான், டிரசருக்குத் தெரியாதா.

"வெட்டேல்லை" என்றேன். "அப்பிடியே நிக்குது. வாழையெல்லாம் உங்களைவிட உயரம்."

அவர் சிரித்தார். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பார்க்காத சிரிப்பு, முன்பல் ஒன்று இல்லாமல் இருந்தது. "பெரணி?" என்று கேட்டார்.

"பெரணியும் நிக்குது."

தலையை ஆட்டிக்கொண்டே ஜன்னல் சட்டத்தில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். கிள்ளான் வரும் வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.